பிள்ளையின் அடுத்த ஈராண்டு: தொழிற்பயிற்சி நிலையமா, சமுதாயக் கல்லூரியா?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பை முடித்த பிள்ளைகளின் பெற்றோர்களுக்கும், பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளின் பெற்றோர்களுக்கும்,

தேர்வு முடிவு வெளிவந்த நாள் முதல் சேர்க்கை முடியும் நாள் வரை உங்கள் வீட்டில் நடக்கும் பேச்சில் மதிப்பெண் எவ்வளவு என்பதும், எங்கே இடம் கிடைக்கும் என்பதும், கட்டணத்துக்கு யாரிடம் கேட்பது என்பதும் இடம்பெறுகின்றன. பிள்ளை பெறப்போகும் சான்றிதழை வழங்குபவர் யார், அதை ஏற்றுக்கொள்பவர் யார், அதைக் கொண்டு அடுத்த படிப்புக்குள் நுழைய முடியுமா என்ற கேள்விகளோ பணம் கட்டிய பிறகே, பல குடும்பங்களில் படிப்பு முடிந்து வேலை தேடும்போதே, முதன்முறையாக எழுகின்றன. அப்போது கிடைக்கும் விடை கசப்பானதாக இருந்தாலும் அதற்குள் போன ஈராண்டு திரும்பி வராது. அந்தக் கேள்விகளை இப்போதே, இந்தக் கோடையிலேயே நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காக இம்மடல் எழுதப்படுகிறது.

உங்கள் முன் இருக்கும் வழிகளில் இரண்டு அடிக்கடி ஒன்றோடொன்று குழப்பப்படுகின்றன. ஐ.டி.ஐ. என்று நீங்கள் அழைக்கும் தொழிற்பயிற்சி நிலையம், மத்திய அரசு 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் ஓராண்டு அல்லது ஈராண்டுக் காலத்தில் ஒரு குறிப்பிட்ட தொழிலைக் கற்பித்து, நாடு முழுவதும் செல்லும் தேசியத் தொழிற்சான்றிதழுக்குப் பயிற்சியாளரை அணியப்படுத்தும் இடம். சமுதாயக் கல்லூரி என்பது, முறையான பள்ளிப் படிப்பைத் தொடர முடியாதவர்களுக்கும், வயது கடந்தவர்களுக்கும், உள்ளூரில் உடனே வேலை தேவைப்படுபவர்களுக்கும் குறுகிய காலத்தில் வாழ்க்கைத் திறனையும் தொழில் திறனையும் சேர்த்துத் தருவதற்காக, பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களும் கல்லூரிகளும் ஒரு பல்கலைக்கழகத்தின் ஏற்போடு நடத்தும் அமைப்பு. இரண்டும் தேவையானவை. ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. யாருக்கு எது என்பதில் தவறும்போது இழப்பு முழுவதும் பிள்ளையின் தலையில் விழுகிறது.

முதலில் உங்கள் மீதான ஒரு மனக்குறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பத்தாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண் எடுத்த பிள்ளையைப் பற்றிப் பேசும்போது, "வேறு வழியில்லை, ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிடலாம்" என்று அந்தப் பிள்ளையின் காதுபடவே சொல்கிறீர்கள். உறவினர் கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்கள். வீட்டில் பழுதான மின்விசிறியைப் பிரித்துச் சரிசெய்யும் பையனையும், தையல் இயந்திரத்தின் ஓட்டத்தைக் காதால் கேட்டே குறை சொல்லும் பெண்ணையும், கையால் வேலை செய்வது தாழ்வு என்ற பழைய எண்ணத்தின் காரணமாகப் பிடிக்காத பாடப்பிரிவில் உட்கார வைக்கிறீர்கள். எந்தக் கை எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று பிறப்பைக் கொண்டு வகுத்த சமூகத்தின் மிச்சம் இது. அதைப் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் வைப்பது நியாயமாகாது. பயிற்சி நிலையத்துக்குள் தலை குனிந்து நுழையும் பிள்ளை அங்கே கற்பதில் பாதியை இழந்துவிடுகிறது, அந்தக் குனிவுக்குக் காரணம் பயிற்றுநரோ பாடமோ அல்ல.

அந்த நிலையத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இயந்திர உறுப்புகளை அளவு பிசகாமல் உருவாக்கிப் பொருத்தும் தொழிலான பிட்டர் பிரிவை எடுத்துக்கொண்டால், 2022இல் திருத்தப்பட்ட பாடத்திட்டத்தின்படி முதலாண்டின் 1,200 மணி நேரத்தில் 840 மணி நேரம் பட்டறைச் செய்முறைக்கும், 240 மணி நேரம் தொழில் சார்ந்த கோட்பாட்டுக்கும், 120 மணி நேரம் பேச்சு, கணினி, பணியிடப் பழக்கம் ஆகியவற்றை உள்ளடக்கிய வேலைவாய்ப்புத் திறனுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. பத்து மணி நேரத்தில் ஏழு மணி நேரம் பிள்ளை பெஞ்ச் வைஸ் எனும் பற்றுக்கருவியின் முன் நின்று, அரம் பிடித்து, வெர்னியர் காலிப்பர் எனும் அளவுகருவியால் அளந்து, தவறாக வந்த உறுப்பை ஒதுக்கிவிட்டு மறுபடி செய்கிறது என்பதே இதன் பொருள். ஓர் அலகில், அதாவது ஒரு பயிற்றுநரின் பொறுப்பில் உள்ள குழுவில், பெரும்பாலான பிரிவுகளில் 20 முதல் 24 பேரே இருப்பார்கள். அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் பின்வரிசையில் மறைந்துபோன பிள்ளைக்கு, தன் கையின் பிழையைப் பயிற்றுநர் அருகில் நின்று திருத்தும் இத்தகைய வாய்ப்பு வாழ்க்கையில் முதன்முறையாக இங்கேதான் கிடைக்கக்கூடும்.

எல்லாப் பிரிவுகளும் ஒன்றல்ல. பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீசியன், குளிர்சாதனத் தொழில்நுட்பம் போன்றவை ஈராண்டுப் பிரிவுகள். வெல்டர், பிளம்பர், கணினி இயக்குநர் போன்றவை ஓராண்டுப் பிரிவுகள். வெல்டர், வயர்மேன் போன்ற சிலவற்றுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்பதால், பத்தாம் வகுப்பில் தோல்வியுற்ற பிள்ளையின் படிப்பு முடிந்துவிட்டது என்று நீங்கள் முடிவு கட்டத் தேவையில்லை. அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை என்பதோடு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, மிதிவண்டி, சீருடை, காலணி, பாடநூல், வரைபடக் கருவிகள், பேருந்து அட்டை ஆகியவையும் வழங்கப்படுகின்றன. அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் தரும் மாதம் 1,000 ரூபாயும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்வோருக்கு உண்டு. டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு தமிழ்நாடு அரசு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 71 அரசு நிலையங்களில் கணினிவழி இயங்கும் கடைசல் இயந்திரம், தொழிற்கூட ரோபோ, முப்பரிமாண அச்சு முதலியவற்றைக் கொண்ட தொழில்நுட்ப மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. நீங்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்த ஐ.டி.ஐ.யை மனத்தில் வைத்து இன்று முடிவெடுக்க வேண்டாம்.

ஐ.டி.ஐ. போனால் அதோடு படிப்பு நின்றுவிடும் என்ற அச்சமே உங்களில் பலரைத் தடுக்கிறது. இது வெகுநாளாகப் பரவியிருக்கும் தவறான எண்ணம். பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டுப் பிரிவில் தேர்ச்சி பெற்றவர் பாலிடெக்னிக் கல்லூரியில் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டயம் முடித்தவர் பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் அதே முறையில் சேரலாம். பத்தாம் வகுப்போடு ஈராண்டுத் தொழிற்பயிற்சியை முடித்தவர் பன்னிரண்டாம் வகுப்பின் மொழிப்பாடத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேர்ச்சி பெற்றால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றையும், எட்டாம் வகுப்போடு முடித்தவர் பத்தாம் வகுப்பின் மொழிப்பாடங்களை எழுதினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்றையும் பெற தமிழ்நாடு அரசு வழி செய்துள்ளது. சுற்றுவழிதான், ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளையின் கையில் வேலைக்குச் செல்லத்தக்க ஒரு சான்று இருக்கும். குடும்பத்தில் திடீரென்று நோயோ கடனோ வந்து படிப்பை நிறுத்த நேர்ந்தாலும், பாதிப் பட்டப் படிப்போடு வெறுங்கையாக நிற்கும் நிலை அந்தப் பிள்ளைக்கு வராது.

பயிற்சிக்குப் பின்னர் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் ஒரு நிறுவனத்தில் அப்ரண்டிஸாக, அதாவது ஊக்கத்தொகை பெற்றுக்கொண்டே உண்மையான பணியிடத்தில் பழகுபவராகச் சேரலாம். முப்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் குறிப்பிட்ட விழுக்காட்டில் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்று விதி சொல்கிறது. 2019இல் திருத்தப்பட்ட விதிகள் தொழிற்சான்று பெற்ற பழகுநருக்குக் குறைந்தபட்ச ஊக்கத்தொகையாக மாதம் 7,000 ரூபாயை நிர்ணயித்தன. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, பொன்மலைப் பணிமனை, நெய்வேலி நிலக்கரி நிறுவனம், திருச்சி பெல் ஆகியவை இவ்வாறு பழகுநர்களை எடுக்கும் இடங்கள். ரயில்வேயின் உதவி லோகோ பைலட் பணிக்கும், மின்வாரியத்தின் கள உதவியாளர் பணிக்கும் குறிப்பிட்ட பிரிவுகளில் பெற்ற தொழிற்சான்று தகுதியாகக் கேட்கப்படுகிறது. வரலாற்றிலோ வணிகவியலிலோ பட்டம் பெற்றவர் அந்தப் பட்டத்தை மட்டும் காட்டி இந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்க முடியாது.

ஐ.டி.ஐ. என்ற பலகை மாட்டிய இடமெல்லாம் நல்ல இடம் என்று இம்மடல் சொல்லவில்லை. நிலையத்துக்கான இணைப்பு, அதாவது மத்தியப் பயிற்சித் தலைமை இயக்ககம் வழங்கும் ஏற்பு, பிரிவு பிரிவாக, அலகு அலகாக வழங்கப்படுகிறது. எலக்ட்ரீசியன் பிரிவுக்கு இணைப்பு பெற்ற ஒரு தனியார் நிலையம், அதை முன்னால் காட்டிக்கொண்டு இணைப்பே இல்லாத மற்றொரு பிரிவுக்கும் பிள்ளைகளைச் சேர்ப்பதுண்டு. இணைப்பு தேசிய அளவிலானதா மாநில அளவில் மட்டும் செல்வதா என்பதும் வேறுபடும். கருவிகள் எண்ணிக்கைக்கு மட்டும் இருந்து, செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரத்தில்தான் பூட்டுத் திறக்கப்படும் பட்டறைகளும் உண்டு. பயிற்சி முடித்த இளைஞரைப் பயிற்சியாளர் என்ற பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, நிரந்தரப் பணியாளருக்கு ஈடான வேலையை வாங்கிக்கொண்டு, ஒப்பந்தம் முடிந்ததும் வெளியே அனுப்பும் தொழிற்சாலைகளின் நடைமுறை கண்டிக்கத்தக்கது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பகுதிகளில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய பெற்றோர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆயினும் இந்தக் குறைகளுக்குத் தீர்வு நல்ல நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் தொழிலாளர் உரிமையைக் கேட்டுப் பெறுவதிலும் இருக்கிறது. தொழில் கற்காமலேயே அதே தொழிற்சாலை வாயிலில் நிற்கும் இளைஞருக்கு இதைவிடக் குறைந்த கூலிதான் கிடைக்கிறது.

சமுதாயக் கல்லூரியின் வரலாறு வேறு நோக்கத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1901இல் தொடங்கப்பட்ட ஜோலியட் இளநிலைக் கல்லூரியிலிருந்து வளர்ந்த இக்கருத்து, அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் அந்நாடெங்கும் பரவியது. அங்கே ஒருவர் தன் ஊரின் சமுதாயக் கல்லூரியில் ஈராண்டு படித்து, அதில் ஈட்டிய மதிப்பலகுகளை, அதாவது படித்த நேரத்துக்கும் தேறிய பாடத்துக்கும் கணக்கு வைக்கும் அலகுகளை, மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டு மூன்றாம் ஆண்டிலிருந்து பட்டப் படிப்பைத் தொடர முடிகிறது. அந்நாட்டில் இலாப நோக்கில் நடந்த பெரிய தொழில்நுட்பப் பள்ளித் தொடர் ஒன்று 2016இல் மூடப்பட்டபோது, அங்கே ஈட்டிய அலகுகளைப் பல கல்லூரிகள் ஏற்க மறுத்ததால் மாணவர்கள் கடனோடு தெருவில் நின்றார்கள். அங்கும் பள்ளியின் விளம்பரத்தைவிட அதன் சான்றை ஏற்பவர் யார் என்பதே இறுதியில் முடிவு செய்தது.

இந்தியாவில் இக்கருத்து வேரூன்றியது தமிழ் மண்ணில்தான் என்பது உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி 1995இலும், சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் நிறுவிய மெட்ராஸ் சமுதாயக் கல்லூரி 1996இலும் தொடங்கின. சேசு சபையைச் சேர்ந்த சேவியர் அல்போன்ஸ் சென்னையிலிருந்த ஓர் ஆய்வு மையத்தின் வழியாக இந்த இயக்கத்தை நாடெங்கும் கொண்டு சென்றார். 2002இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பின்னர் இத்தகைய கல்லூரிகளுக்கு ஏற்பளித்துத் தொழிற்பட்டயங்களை வழங்கத் தொடங்கியது. விலக்கப்பட்டவர்களை உள்ளே சேர்ப்பது என்பது இந்த இயக்கத்தின் அடிப்படை நோக்கம். முதற்பருவத்தில் தன்னம்பிக்கை, பேச்சு, ஆங்கிலம், கணினி, பிறரோடு பழகும் முறை ஆகிய வாழ்க்கைத் திறன்களும், அடுத்துத் தொழில் திறனும், அதன்பின் உள்ளூர் மருத்துவமனை, உணவகம், பணிமனை போன்றவற்றில் நேரடிப் பயிற்சியும் என அதன் ஓராண்டு வகுக்கப்பட்டது. பள்ளியில் தோற்றவள் என்ற பெயரோடு நான்கு ஆண்டு வீட்டில் இருந்த பெண், கணவனை இழந்து இரண்டு குழந்தைகளோடு நிற்கும் தாய், சிறுவயதிலேயே வேலைக்குப் போய் இருபத்தைந்து வயதில் மறுபடி படிக்க நினைக்கும் இளைஞர் ஆகியோருக்கு இவ்வளவு அக்கறையோடு திறந்த கதவு வேறொன்று இல்லை. அந்தப் பணியைச் செய்துவரும் ஆசிரியர்கள் மரியாதைக்குரியவர்கள்.

ஆனால் இங்கே பெயர் மட்டும்தான் அமெரிக்காவின் பெயர், வழி அதுவல்ல. அங்குள்ளதைப் போல ஈராண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்குச் செல்லும் பொதுவான ஏற்பாடு இங்குள்ள சமுதாயக் கல்லூரிகளுக்கு இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொடங்கிய சமுதாயக் கல்லூரித் திட்டம், 2013இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்படி, அதாவது எல்லாத் திறன் பயிற்சிகளையும் படிநிலைகளாக ஒழுங்குபடுத்தும் அரசின் வரையறைப்படி, ஓராண்டுப் பட்டயத்துக்கு 60 மதிப்பலகுகளையும் அவற்றில் 36ஐத் திறனுக்கும் 24ஐப் பொதுக்கல்விக்கும் வகுத்தது. 2014இல் அறிமுகமான தொழிற்கல்விப் பட்டமான பி.வோக். படிப்புக்கு இதிலிருந்து ஏறிச்செல்ல வழியும் வைத்தது. இந்தத் திட்டத்தின்கீழ் இயங்கும் ஒரு கல்லூரியில் மேற்படிப்பும் அங்கேயே நடைபெறுமானால் அந்த ஏணி மெய்யானது. ஆனால் அதே பெயர்ப்பலகையுடன் அடுத்த தெருவில் இருக்கும் மற்றொரு நிறுவனத்துக்கு அது பொருந்தும் என்று நீங்களாகவே கருதிக்கொள்ள முடியாது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009இல் பெரிய அளவில் தொடங்கிய சமுதாயக் கல்லூரித் திட்டம் சில ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்டது. ஏற்பளிக்கும் அமைப்பு மாறினாலும் விலகினாலும் பலகை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும் என்பதை இதிலிருந்து நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் குழப்பம் மிகுதியாகக் காயப்படுத்துவது உங்கள் மகள்களைத்தான். "நர்சிங்" என்ற ஒரு சொல்லை நம்பி, பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணை ஓராண்டு உடல்நலப் பராமரிப்பு உதவியாளர் படிப்பில் சேர்க்கிறீர்கள். அவள் வெள்ளைச் சீருடை அணிந்து மருத்துவமனைக்குப் போவதைப் பார்த்து மகிழ்கிறீர்கள். ஊரில் அவள் நர்ஸ் என்று அறியப்படுகிறாள். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற்றவரே சட்டப்படி செவிலியர். அப்பதிவுக்கு வழிவிடுபவை பி.எஸ்சி. நர்சிங், மூன்றாண்டு ஜி.என்.எம்., ஈராண்டு ஏ.என்.எம். போன்ற குழுமம் ஏற்ற படிப்புகளே; அவற்றுள் நுழையப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். உதவியாளர் சான்றை வைத்துக்கொண்டு அரசுச் செவிலியர் தேர்வை எழுத முடியாது, வெளிநாட்டுச் செவிலியர் வேலைக்கும் விண்ணப்பிக்க முடியாது. ஐந்தாண்டு வேலை செய்த பின்னும் ஊதியம் உதவியாளருக்கு உரியதாகவே நிற்கும்போதுதான் அந்தப் பெண்ணுக்கு இந்த வேறுபாடு விளங்குகிறது. முதியோரைப் பராமரிப்பதும் நோயாளிக்கு உதவுவதும் உயர்ந்த பணிகள். அந்த வேலைக்காகவே, அதன் எல்லையை அறிந்தே ஒருவர் படித்தால் அதில் குறை சொல்ல எதுவுமில்லை. செவிலியராகப் போகிறோம் என்று நம்பவைத்து அதைக் கற்பிப்பதுதான் கொடுமை. மழலையர் பள்ளி ஆசிரியர் பட்டயமும் இதே போன்றது: தனியார் மழலையர் பள்ளியில் வேலை பெற அது உதவும், அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியராவதற்கான தகுதி ஆகாது.

மற்றொரு இழப்பும் உண்டு. பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டி நேராகத் திறந்தநிலைப் பட்டத்தில் சேர்த்துவிட்டால் போதும் என்று சிலர் உங்களுக்கு அறிவுரை சொல்கிறார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அல்லது அதற்கு இணையானது, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் பெறாத பட்டத்தை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று தமிழ்நாடு அரசு 2009இல் ஆணையிட்டது. அந்த வரிசையை அறியாமல் பட்டம் பெற்று, தேர்விலும் வென்று, சான்று சரிபார்ப்பு மேசையில் திருப்பி அனுப்பப்படும் இளைஞரின் வேதனையை அறிவுரை சொன்னவர்கள் வந்து பகிர்ந்துகொள்வதில்லை.

பெண்பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு படிந்த பட்டறை பெண்ணுக்கு ஆகாது என்ற உங்கள் தயக்கத்தால், தையல், அழகுக்கலை, உதவியாளர் பயிற்சி என்ற குறுகிய வட்டத்துக்குள்ளேயே அவள் தேர்வு அடைபட்டுப் போகிறது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆண்களுக்கு 40 வயது என்ற உச்ச வரம்பு இருக்க, பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. கிண்டியில் உள்ளதைப் போல மகளிருக்கென்றே தனி நிலையங்களும் உள்ளன. மின்னணுப் பொருள்களையும் மின்சார வாகனங்களையும் செய்யும் ஆலைகள் பெண்களைப் பெருமளவில் வேலைக்கு எடுக்கும் மாநிலம் இது. அங்கே பொருத்தும் வரிசையில் நிற்கும் பெண்ணுக்கும், அந்த வரிசையின் இயந்திரத்தைப் பழுது பார்க்கத் தெரிந்த பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஈராண்டுப் பயிற்சிதான் உண்டாக்குகிறது. திருமணம் முடிந்து முப்பது வயதில் இருக்கும் மகளும் எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ தேறியிருந்தால் எலக்ட்ரானிக்ஸ், வயர்மேன் போன்ற பிரிவுகளைக் கருதிப் பார்க்கலாம், சமுதாயக் கல்லூரி மட்டுமே அவளுக்கு எஞ்சிய இடம் அல்ல.

ஆகவே இம்மடலின் தீர்ப்பைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். பிள்ளைக்கு வயது பதினான்கு முதல் இருபதுக்குள் இருந்து, எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ தேறியிருந்து, கருவியைக் கையில் எடுப்பதில் ஆர்வமும் இருக்குமானால் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தின் ஈராண்டுப் பிரிவே முதல் தேர்வாக இருக்க வேண்டும். அங்கே இடம் கிடைக்காதபோது அந்தப் பிரிவுக்கே இணைப்பு பெற்ற தனியார் நிலையத்தைப் பார்க்கலாம். கணக்கிலும் வரைபடத்திலும் ஆர்வமுள்ள பிள்ளைக்குப் பாலிடெக்னிக் நேராகவே திறந்திருக்கிறது. எட்டாம் வகுப்பையும் முடிக்காதவர், நாள் முழுவதும் பயிற்சிக்கு வர முடியாதபடி குடும்பப் பொறுப்பு உள்ளவர், பள்ளியில் பட்ட அவமானத்திலிருந்து முதலில் மீண்டெழ வேண்டியவர், உள்ளூரிலேயே இருக்கும் ஒரு குறிப்பிட்ட வேலையைக் குறிவைத்துப் படிப்பவர் ஆகியோருக்குச் சமுதாயக் கல்லூரி உகந்தது. ஆண்டுக்கணக்கில் வயரிங் வேலை செய்தும் சான்று இல்லாத உங்கள் மூத்த மகனுக்கோ தம்பிக்கோ இவை இரண்டும்கூடத் தேவைப்படாமல் போகலாம். அனுபவத்தைக் காட்டி எழுதத்தக்க மின்கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது.

எங்கே சேர்ப்பதானாலும், முதல் தவணையைக் கட்டுவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. சான்றிதழை வழங்குவது எந்த அமைப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள். அந்த நிறுவனத்தின் பெயரில் வழங்கப்படும் சான்று என்றால் அதை ஏற்பவர் யார் என்று கேளுங்கள். நடப்பு ஆண்டின் இணைப்பு ஆணையையோ பல்கலைக்கழக ஏற்பு ஆணையையோ, பிள்ளை சேரப்போகும் பிரிவின் பெயரோடு காட்டச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே படித்தவர்களில் சிலரை நேரில் சந்தித்து, அவர்கள் இப்போது எங்கே என்ன ஊதியத்தில் வேலை செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். கட்டணத்தைத் திரும்பப் பெறும் விதியைக் கேளுங்கள். பத்தாம் வகுப்பு மூலச் சான்றிதழை யாரிடமும் பிணையாகக் கொடுக்காதீர்கள். இவற்றுக்கு முகம் சுளிக்கும் நிறுவனத்தை விட்டு எழுந்து வருவதற்கு நீங்கள் தயங்கக் கூடாது. படிக்காத பெற்றோர் என்பதால் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்குக் குறைந்துவிடவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு வேண்டுகோள். சேர்க்கை அறிவிப்பு வெளிவந்ததும், உங்களுக்கு அருகில் உள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு ஒரு வேலைநாளில் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். முதல்வரின் அனுமதி பெற்று, அலுவலகத்தோடு நின்றுவிடாமல் பட்டறைக்குள் செல்லுங்கள். இயந்திரங்கள் ஓடுகின்றனவா, பயிற்சியாளர் கையில் வேலை இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்றுநரிடம் பேச பிள்ளைக்கு நேரம் கொடுங்கள். பிறகு சமுதாயக் கல்லூரிக்கும் அவ்வாறே ஒருமுறை சென்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் முதலில் பிள்ளையைப் பேசவிட்டு, அது விரும்பும் பிரிவைக் கேட்டறிந்து, அதன்பின் விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள்.